கன்று போட்ட நாற்பது நாள்! கறவை மாட்டின் கர்ப்பப்பையைக் காப்போம், மருத்துவ உரிமையைக் கேட்போம்!

(கறவை மாடு வளர்ப்போர் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே! விவசாயப் பெருமக்களே! கோழி கூவும் முன்னே எழுந்து கொட்டகையில் சாணி அள்ளி, பால் கறந்து, அதற்குப் பிறகே சொந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கும் தாய்மார்களே!

பால் விலையைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை ஆவின் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயாக உயர்த்தியது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். அதெல்லாம் நாம் ரோட்டில் நின்று கேட்டு வாங்கியது. தீவன விலை ஏறும் வேகத்துக்கு அது போதாது என்பதும் நமக்குத் தெரியும். அந்தப் போராட்டம் தொடரும்.

ஆனால் லிட்டருக்கு எத்தனை ரூபாய் உயர்த்தினாலும் மாடு சினை பிடிக்காவிட்டால் அந்த ரூபாய் நம் கைக்கு எப்படி வரும்? கன்று போட்டால்தான் பால். சினை நின்றால்தான் கன்று. இன்றைக்கு ஊர் ஊராகப் போய்க் கேட்டால் ஒரே பேச்சுதான்: "நாலு ஊசி போட்டாச்சு, மாடு நிக்கல." கடைசியில் என்ன நடக்கிறது? கடன் வாங்கி வாங்கிய கலப்பினப் பசுவை, நல்ல வயதிலேயே, அடிமாட்டு விலைக்கு ஏற்றி அனுப்புகிறோம். மாடு போய்விடுகிறது. கடன் மட்டும் வீட்டில் இருக்கிறது.

இது தலையெழுத்தா? கண்ணேறா? இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பேச்சு. மாடு சினை பிடிக்காமல் போவதற்குப் பல காரணம் உண்டு. அதில் பெரிய காரணம் ஒன்று, கன்று போட்ட முதல் நாற்பது நாளில் கர்ப்பப்பைக்குள் நடப்பது. அதில் பாதி நம் கொட்டகையில் சரிசெய்ய வேண்டியது. மறுபாதி அரசு செய்து தர வேண்டியது. இரண்டையும் பேசுவோம்.

ஒரு பருவம் தவறினால் என்ன நட்டம்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். பசு சினையாக இருப்பது சுமார் 280 நாள். வருஷத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் மீதி 85 நாளுக்குள் மறுபடி சினை நிற்க வேண்டும். கன்று போட்டு 60 நாள் வரைக்கும் கர்ப்பப்பைக்கு ஓய்வு. அதற்கு மேல் 90 நாளுக்குள் சினை நின்றால் நல்ல கணக்கு.

பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒரு பருவத்தைத் தவற விட்டால் 21 நாள் போச்சு. ஏழு பருவம் தவறினால் 147 நாள், ஏறக்குறைய ஐந்து மாதம். ஒரு மாட்டுக்கு நாள் ஒன்றுக்கு தீனிச் செலவு 100 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 14,700 ரூபாய். கறவை வற்றிய மாட்டுக்கும் வைக்கோல் போட்டுத்தானே ஆக வேண்டும்? இதில் நம் வீட்டுப் பெண்கள் அறுத்து வரும் புல்லுக்கும், அவர்கள் உழைப்புக்கும் யாரும் கணக்குப் போடவில்லை. தள்ளிப்போகும் அடுத்த ஈத்தின் பாலையும் சேர்க்கவில்லை. இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது சின்ன அடியா?

கர்ப்பப்பைக்குள் நடப்பது என்ன?

கன்று வெளியே வந்தவுடன் பசுவின் கர்ப்பப்பை ஏறத்தாழ 9 கிலோ எடை இருக்கும். ஒரு மாதத்தில் அது சுருங்கி 1 கிலோ அளவுக்கு வர வேண்டும். முழுசாகப் பழைய நிலைக்குத் திரும்ப சுமார் 40 நாள் ஆகும். கன்று வந்த வழி திறந்தே இருப்பதால் அந்த நேரத்தில் கிருமி உள்ளே போகாத மாடே கிடையாது என்று சொல்லலாம். தெம்பான மாடு அதைத் தானே வெளியே தள்ளிவிடும். தெம்பில்லாத மாட்டில் கிருமி தங்கிவிடும், சீழ் பிடிக்கும்.

சீழ் பிடித்த கர்ப்பப்பை வெளியே தெரியாது. மாடு தின்னும், கறக்கும். ஆனால் உள்சுவர் புண்ணாகியிருக்கும். சினைப்பையின் வேலையும் கெடும். களர் ஏறிய நாற்றங்காலில் எவ்வளவு நல்ல விதை போட்டாலும் முளைக்குமா? அதே கதைதான். ஊசி போட்டவரைத் திட்டுகிறோம், காளையின் விந்தைக் குறை சொல்கிறோம். நிலம் கெட்டிருப்பதைப் பார்ப்பதில்லை.

கொடி விழாத மாடு: செய்யக் கூடாதது எது?

கன்று போட்ட பிறகு நஞ்சுக்கொடி சில மணி நேரத்திலேயே விழுந்துவிடும். 12 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டால் அது கொடி தங்கிய மாடு. கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் நடப்பது என்ன? தொங்கும் கொடியில் செங்கல்லைக் கட்டுகிறார்கள். பழைய செருப்பைக் கட்டுகிறார்கள். கை வைத்து உருவுவதற்கு யாரையாவது கூட்டி வருகிறார்கள். தோழர்களே, இதை இன்றோடு நிறுத்துங்கள்! பாரம் கட்டினால் கொடி பாதியில் அறுந்து உள்ளே தங்கும், கர்ப்பப்பையே வெளியே தள்ளவும் கூடும். அழுக்குக் கையை உள்ளே விட்டு உருவினால் ஒட்டியிருக்கும் இடமெல்லாம் கிழிந்து புண்ணாகும். அந்தப் புண்தான் ஆறு மாதம் கழித்து "மாடு நிக்கல" என்று வருகிறது.

மாட்டுக்குக் காய்ச்சல் இல்லாமல், தீனி எடுத்து நன்றாக இருந்தால் மருத்துவரே கூட அவசரப்பட்டுக் கொடியை உருவ மாட்டார். "வந்தாரு, ஊசி போட்டாரு, கொடியை எடுக்கல" என்று அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதும், கிருமிக்கு மருந்து கொடுப்பதும்தான் முக்கியம்.

இன்னொரு பழக்கம். கொடி விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடாமல் பிடித்து வைப்பது. இதுவும் தப்பு. கன்று பிறந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். அது கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி. தாய்க்கும் நல்லது. கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் சுரப்பு, பாலையும் இறக்கும், கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கும். கன்றைக் கட்டிப்போட்டால் இரண்டுக்கும் கேடு.

கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது நம் முன்னோர் வழக்கம். கட்டுவதற்கு முன் அது முழுசாக விழுந்திருக்கிறதா, கிழிந்து பாதி உள்ளே நிற்கிறதா என்று விரித்துப் பாருங்கள். மாடு கன்று வீசியிருந்தால், அதாவது மாதம் நிறையாமல் செத்த கன்று போட்டிருந்தால், அந்தக் கொடியை மரத்தில் கட்டவே கட்டாதீர்கள். நாய் இழுத்தால் நோய் ஊர் முழுக்கப் பரவும். ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறோம்.

மாட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அடையாளம்

படித்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. தினமும் கறக்கிற தாய்மார்களுக்குத்தான் முதலில் தெரியும்.

முதல் 10 நாள்: கன்று போட்ட பிறகு கசியும் அழுக்கு சிவப்பாக, பழுப்பாக இருக்கும். கெட்ட நாற்றம் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் தானாகக் குறைந்து நின்றுவிடும். தண்ணியாக, மூக்கைப் பொத்தும் நாற்றத்தோடு வந்தால் ஆபத்து. மாடு தீனி எடுக்காது, பால் குறையும், காய்ச்சல் அடிக்கும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து 103 டிகிரிக்கு மேல் இருந்தால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். இதில் மாடு செத்தும் போகும். ஊருக்கு ஒரு வெப்பமானி பால் சொசைட்டியிலாவது இருக்கட்டும்.

21 நாளுக்குப் பிறகு: படுத்து எழுந்த இடத்தில் சீழ் கிடக்கிறதா, வாலில் காய்ந்து ஒட்டியிருக்கிறதா பாருங்கள். வெள்ளையாக, மஞ்சளாக, தயிர் மாதிரி விழுந்தால் கர்ப்பப்பையில் அழற்சி. மாடு நன்றாகத்தான் தின்னும். அதனால்தான் ஏமாந்து போகிறோம்.

30 முதல் 40 நாளுக்குள்: கொடி தங்கிய மாடு, இரட்டைக் கன்று போட்ட மாடு, இழுத்துக் கன்று எடுத்த மாடு, கன்று வீசிய மாடு, இவை எல்லாவற்றையும் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள். கர்ப்பப்பை சுருங்கியிருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தாலே அவர் சொல்லிவிடுவார்.

60 நாளுக்கு மேல்: காலையிலும் ராத்திரியிலும் மாட்டைக் கவனியுங்கள். வெயில் காலத்தில் கத்தாமல் ஊமைப் பருவமாக வரும் மாடும் உண்டு. பருவத்தில் வழியும் கோழை கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை சினை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. கோழையில் வெள்ளைத் துணுக்கு, சீழ்த் திரி தெரிந்தால் அன்று சினை ஊசி வேண்டாம், முதலில் வைத்தியம். "வந்த பருவத்தை விட வேண்டாம்" என்று சீழுக்குள் ஊசி போட்டால் காசும் போச்சு, காலமும் போச்சு.

இன்னொன்று. பருவம் காணவில்லை என்றாலே சினை என்று நினைத்துவிடுகிறோம். கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்டு உள்ளே சீழ் தேங்கினாலும் மாடு பருவத்துக்கு வராது. வயிற்றில் கன்று வளர்கிறது என்று நாம் காத்திருப்போம், உள்ளே இருப்பது சீழாக இருக்கும். ஊசி போட்டு 60 நாளுக்கு மேல் ஆனதும் சினைப் பரிசோதனை செய்துவிட்டால் இந்த ஏமாற்றம் இல்லை.

மருந்துக்கடை வைத்தியம் வேண்டாம்

சீழ் வெளியேறவும் பருவத்துக்கு வரவும் போடும் ஹார்மோன் ஊசி ஒன்று உண்டு. சரியான மாட்டுக்குப் போட்டால் நல்ல பலன். அதையே சினை மாட்டுக்குத் தெரியாமல் போட்டால் கரு கலைந்துவிடும். கர்ப்பிணிப் பெண்கள் அந்த மருந்தைத் தொடவே கூடாது. கடையில் கேட்டு வாங்கி நாமே போடுகிற சங்கதி இல்லை இது. கிருமிக்கான ஊசி போட்டால் மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. கஷ்டம்தான். ஆனால் அந்தப் பாலைக் குடிப்பது யாரோ ஒரு வீட்டுக் குழந்தை.

நாட்டு வைத்தியத்தை நாங்கள் ஒதுக்கச் சொல்லவில்லை. சினை பிடிக்காத மாட்டுக்கு முள்ளங்கி, சோற்றுக்கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, கறிவேப்பிலை என்று வரிசையாக நாள் கணக்கில் கொடுக்கும் முறையைத் தேசிய பால்வள வாரியமே பரப்பி வருகிறது. செய்து பாருங்கள். ஆனால் காய்ச்சலும் நாற்றமும் உள்ள மாட்டுக்கு அதை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

தெம்புதான் முதல் மருந்து

வெறும் வைக்கோலைத் தின்று கன்று போடும் மாடு எப்படிக் கிருமியை எதிர்க்கும்? கன்று போட்டதும் பால் ஏறுகிறது, தீனி எடுப்பது அந்த அளவுக்கு ஏறுவதில்லை. உடம்பைக் கரைத்துத்தான் மாடு பால் தருகிறது. அதனால் கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போதே கறவையை நிறுத்துங்கள். பசுந்தீவனமும், நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையும் கொடுங்கள். அதற்காக மாட்டைக் கொழுக்க வைக்கவும் வேண்டாம். கொழுத்த மாட்டிலும் கொடி தங்கும். கன்று போடும் இடம் காய்ந்து சுத்தமாக இருக்கட்டும். கன்றை இழுக்க வேண்டி வந்தால் நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவிய கை, மாடு முக்கும்போது மட்டும் இழுப்பது, முடியாவிட்டால் உடனே மருத்துவரை அழைப்பது. இவ்வளவும் நம் கையில்.

கன்று வீச்சு நோய் நம்மையும் தாக்கும்

கடைசி மாதங்களில் கன்று வீசி, கொடி தங்கி, பிறகு சினை பிடிக்காமல் போனால் புரூசெல்லா என்ற கன்று வீச்சு நோயாக இருக்கலாம். அந்த மாட்டின் கொடியை வெறுங்கையால் தொட்டால் நமக்கும் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் படுத்தும். மரத்தில் கட்டாதீர்கள், புதையுங்கள் என்று சொன்னது இதனால்தான். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். பச்சைப் பால் குடிக்காதீர்கள். 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுக்கு ஒரே ஒரு முறை தடுப்பூசி போட்டால் போதும். 2019 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியோடு இந்தத் தடுப்பூசியும் சேர்ந்தது. உங்கள் ஊர்க் கிடாரிகளுக்குப் போட்டார்களா என்று கேளுங்கள்!

நம் பங்கைச் செய்துவிட்டோம். அரசின் பங்கு எங்கே?

இத்தனையும் சொன்னோம். எல்லாமே எங்கே போய் முடிகிறது? "மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று முடிகிறது. மருத்துவர் எங்கே இருக்கிறார்? மாட்டாஸ்பத்திரிக் கட்டடம் இருக்கிறது, போர்டு இருக்கிறது. பல ஊரில் ஒரே மருத்துவருக்கு இரண்டு மூன்று மருந்தகம் பொறுப்பு. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவரும் மனுஷன்தான். காலையில் ஓர் ஊர், மதியம் ஓர் ஊர், இடையில் கூட்டம், கணக்கு, தடுப்பூசி. ராத்திரி பத்து மணிக்குக் கன்று மாட்டிக்கொண்டால் நாம் யாரைக் கூப்பிடுவது?

5,000 கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் சொன்னது 1976ல். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 2011ல் விலையில்லா கறவைப் பசு கொடுக்கும் திட்டம் வந்தது. ஏழைப் பெண்களுக்குப் பசு கொடுத்தது நல்லதுதான். கொடுத்த பசு கன்று போட்டால் பார்க்க ஆள் வேண்டாமா? 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும் என்கிறார்கள். வரவேற்கிறோம். எல்லோரும் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மாடு ஆபீஸ் நேரம் பார்த்துக் கன்று போடுவதில்லை!

மலடு நீக்க முகாம் போடுகிறார்கள். ஒரு நாள் பந்தல், ஒரு நாள் ஊசி. சீழ் பிடித்த மாட்டை மறுபடி பத்து, பதினைந்து நாளில் பார்க்க வேண்டாமா? முகாம் முடிந்தால் அந்த மாட்டை யார் பார்ப்பது?

எனவே நமது கோரிக்கைகள்:

1. காலியாக உள்ள கால்நடை மருத்துவர், ஆய்வாளர், உதவியாளர் பணியிடங்களை உடனே நிரப்பு! 5,000 கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் என்ற அளவை நடைமுறைப்படுத்து!

2. 1962 வண்டியைக் கன்று ஈனும் அவசரத்துக்கு இரவிலும் இயக்கு!

3. ஊராட்சிதோறும் மாதம் ஒரு முறை, கன்று போட்டு 30 முதல் 40 நாளான மாடுகளுக்குக் கர்ப்பப்பைப் பரிசோதனை நடத்து! சிகிச்சை பெற்ற மாட்டை மறுமுறையும் பார்!

4. கர்ப்பப்பை நோய்க்கான மருந்து, ஹார்மோன் ஊசி ஆகியவற்றை மருந்தகங்களில் இருப்பில் வை! வெளியே வாங்க எழுதிக் கொடுக்காதே!

5. சினையின் கடைசி இரண்டு மாதமும் கன்று போட்ட முதல் இரண்டு மாதமும் தாது உப்புக் கலவையை இலவசமாக வழங்கு!

6. கன்று வீசிய மாடுகளுக்கு இலவச ரத்தப் பரிசோதனை செய்! எல்லாக் கிடாரிக் கன்றுக்கும் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி போடு!

7. மாடு செத்தால் மட்டும் காப்பீடு என்பது போதாது. நிரந்தரமாகச் சினை பிடிக்காமல் போகும் பசுவுக்கும் மானியக் காப்பீட்டில் இழப்பீடு கொடு!

கணக்கோடு போவோம்!

வெறுங்கையோடு போனால் "அப்படி ஒன்றும் பிரச்சினை இல்லையே" என்பார்கள். அதனால் ஒரு வேலை. வீட்டுக்கு ஒரு நோட்டு போடுங்கள். கன்று போட்ட தேதி, கொடி விழுந்த நேரம், அழுக்கு நின்ற நாள், பருவத்துக்கு வந்த தேதி, ஊசி போட்ட தேதி, மருத்துவரைக் கூப்பிட்ட நாள், அவர் வந்த நாள். இவ்வளவுதான். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லுங்கள், எழுதும். அந்த நோட்டு மருத்துவருக்கும் உதவும். எந்தப் பருவம் தவறியது, எங்கே கோளாறு என்று பார்த்தவுடன் அவருக்குப் புரியும்.

சங்கக் கிளைகள் ஊர்வாரியாக அதைத் தொகுக்க வேண்டும். எத்தனை மாடு கன்று போட்டது, எத்தனைக்குக் கொடி தங்கியது, எத்தனை மாடு நிற்காமல் விற்றோம், எத்தனை முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லை? மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அந்தக் கணக்கை மேசை மேல் வைப்போம். பதில் வராவிட்டால் கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகம் முன்பு உட்காருவோம். தாய்மார்கள் முன் வரிசையில் வர வேண்டும். மாட்டைப் பற்றி அதிகாரி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

தோழர்களே! இந்தத் துண்டுப் பிரசுரத்தைக் கொட்டகை வாசலில் ஒட்டி வையுங்கள். கொடிக்கு 12 மணி நேரம், நாற்றத்துக்கு 10 நாள், சீழுக்கு 21 நாள், பரிசோதனைக்கு 40 நாள், ஊசிக்கு 60 நாள், சினைக்கு 90 நாள். இந்தக் கணக்கை நாம் காப்போம். மருத்துவரும் மருந்தும் தருகிற கடமையை அரசைக் காக்க வைப்போம்!

கர்ப்பப்பையைக் காப்போம்! கறவையைக் காப்போம்!
ஊருக்கு ஒரு மாட்டாஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்கு ஒரு மருத்துவர்!
நோட்டும் கையுமாகத் திரண்டு வாரீர்!